உணவின் உயிர்வினைச் சேர்மங்கள்: நன்மை, நிலைப்பு, மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர், அப்பொருளைப் பற்றி ஒரு காலத்தில் நிலவிய கருத்தையும் தன்னுள் கொண்டிருக்கும். கருத்து மாறிய பின்னரும் பெயர் பெரும்பாலும் மாறுவதில்லை. ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதி இதற்கு ஒரு சான்று தருகிறது. செகந்திராபாத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், அனோபிலிஸ் வகைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். அக்கண்டுபிடிப்போடு தொடர்புடைய பேகம்பேட்டுக் கட்டடம் இன்று அவர் பெயரால் ஓர் ஒட்டுண்ணியியல் நிறுவனமாக விளங்குகிறது. 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே நோய்க்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கையை அப்பெயர் தாங்கி நிற்கிறது. நோய் காற்றால் வருவதன்று, கொசுவால் பரவுவது என்று நிறுவப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பெயர் அப்படியே உள்ளது.

இப்பெயரால் தமிழருக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. 'மலேரியா' என்று ஒலிபெயர்த்து வழங்கும்போது அதன் இத்தாலியப் பொருள் தமிழ்ச் செவிக்கு எட்டுவதில்லை. ஆனால், அதனைக் 'கெட்டகாற்றுக் காய்ச்சல்' என்று தமிழாக்கியிருந்தால், படிப்பவர் கொசுவை விட்டுக் காற்றுக்கு அஞ்சியிருப்பார். பொருள் விளங்கும் கலைச்சொல், ஒலிபெயர்ப்புச் சொல்லைவிட மிகுதியாகப் பேசுகிறது என்பதும், அது பேசுவது மெய்யா என்பதை அச்சொல்லை ஆக்குபவரே ஆராய வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

உணவு அறிவியலை, குறிப்பாக உணவிலுள்ள உயிர்வினைச் சேர்மங்கள் பற்றிய செய்திகளைத் தமிழில் தரும்போது இச்சிக்கல் கூர்மை அடைகிறது. ஓர் உணவில் ஒரு சேர்மம் இருப்பது, அச்சேர்மம் சிதையாமல் உடலைச் சென்றடைவது, அடைந்து ஒரு பயனை விளைப்பது ஆகிய மூன்றும் தனித்தனி உண்மைகள். ஒன்று மெய்யாயிருப்பதால் மற்றொன்று மெய்யாகிவிடுவதில்லை. இம்மூன்றையும் தமிழ் மொழிபெயர்ப்பு எவ்வாறு வேறுபடுத்திக் காட்டலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. சத்தும் உயிர்வினைச் சேர்மமும்

தமிழில் உணவு பற்றிய பேச்சு பெரும்பாலும் 'சத்து' என்னும் சொல்லைச் சுற்றியே அமைகிறது. வடமொழி மூலமுடைய இச்சொல் சாரம், வலிமை என்னும் பொருள்களில் தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. மாவுச்சத்து, புரதச்சத்து, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து, உயிர்ச்சத்து என்று இன்றைய கலைச்சொற்களில் ஒரு பெருங்குடும்பமே இதனடியாகத் தோன்றியுள்ளது. 1982இல் தமிழ்நாட்டில் விரிவுபடுத்தப்பட்ட பள்ளி மதிய உணவுத் திட்டத்திற்குச் 'சத்துணவு' என்று பெயரிட்ட பின் இச்சொல் எல்லா வீடுகளிலும் புழங்கலாயிற்று.

'சத்து' நல்ல சொல்லே. ஆனால், அது பொருளின் பெயராக மட்டும் நில்லாமல் பொருளின் பயனையும் உடன் சொல்லிவிடுகிறது. 'சத்து உள்ளது' என்றால் 'நன்மை உள்ளது' என்றே கேட்பவர் கொள்வர். உடலியலார் இவ்வகைப் பொருள்களை இரண்டாகப் பிரிக்கின்றனர். முதல் வகை ஊட்டப்பொருள்கள். இவை குறைந்தால் குறைநோய் தோன்றும். தயமின் குறைந்தால் பெரிபெரியும், அஸ்கார்பிக் அமிலம் குறைந்தால் ஸ்கர்வியும், வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண்ணும் வரும். இரண்டாம் வகை, குறைநோய் எதனோடும் தொடர்பில்லாமல், சிறிதளவே இருந்து, உடலின் செயல்களில் மாற்றம் உண்டாக்கும் சேர்மங்கள். மஞ்சளின் குர்க்குமின், கறுப்பு அரிசியின் ஆந்தோசயனின், எள்ளின் செசமின், மிளகின் பைபரின் முதலியன இவ்வகையின. உயிர்வினைச் சேர்மம் என்பதை இறுக்கமாக வரையறுப்போர் இவ்விரண்டாம் வகையை மட்டுமே அப்பெயரால் சுட்டுவர். தளர்வாக வழங்குவோர் வைட்டமின்களையும் அதில் அடக்குவர். மூலநூலாசிரியர் எவ்வழக்கைப் பின்பற்றுகிறார் என்று அறிந்த பின்னரே மொழிபெயர்ப்பைத் தொடங்க வேண்டும். இரண்டாம் வகைச் சேர்மத்தை 'மஞ்சள்சத்து' என்பது போல ஆக்கினால், அதை உண்ணாவிடில் குறைநோய் வரும் என்னும் தவறான உட்பொருள் ஏறிவிடும்.

'வைட்டமின்' என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. அரிசித் தவிட்டிலுள்ள பெரிபெரி தடுப்புப் பொருளை ஆராய்ந்த காசிமிர் ஃபங்க், 1912இல், உயிருக்கு இன்றியமையாத 'அமின்' என்னும் பொருள்பட இப்பெயரை ஆக்கினார். இவ்வகைப் பொருள்கள் எல்லாம் அமின்கள் அல்ல என்பது தெரியவந்ததும், 1920இல் ஜாக் டிரம்மண்டு அச்சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இறுதி எழுத்தை நீக்கும்படி பரிந்துரைத்தார். ஒரே ஓர் எழுத்தை நீக்கித் தவறான வேதியியல் உட்பொருளை மழுங்கச் செய்தனர். தமிழ்நாட்டில் 'வைட்டமின்' என்றும் இலங்கையில் 'விற்றமின்' என்றும் வழங்குவது அந்த மழுங்கிய வடிவத்தையே. இரு நாட்டிலும் வழங்கும் 'உயிர்ச்சத்து' என்னும் ஆக்கமோ ஃபங்க் கருதிய முதற்பாதியை மட்டும் ஏற்று, அமினைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டது. ஆக்கச்சொல் மூலச்சொல்லைவிடச் செப்பமாக அமைவதும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

3. புழுங்கல் அரிசி தரும் பாடம்

நிலைப்பு பற்றிய அறிவு ஆய்வகத்தில் மட்டும் தோன்றியதன்று. தமிழில் அதற்கு ஒரு பழஞ்சொல்லே உண்டு. அது புழுங்கல்.

தென்னிந்தியாவில் இத்துறை ஆய்வு 1918இல் நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்தது. அப்பிரிவே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1950களின் இறுதியில் ஐதராபாத்தின் தார்நாகாவிற்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. பேகம்பேட் ஒரு நோயின் காரணத்தைக் கண்ட இடமெனில், அதே நகரின் தார்நாகா உணவுப் பொருள்களின் உள்ளடக்கத்தை அளக்கும் இடமாயிற்று.

மெக்காரிசனுக்குப் பின் குன்னூரில் தலைமை ஏற்ற அய்க்ராய்டு, சென்னை மாகாணத்தின் அரிசி உணவை ஆராய்ந்தபோது ஒரு வேறுபாடு தெளிவாயிற்று. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதியில், பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் அந்நோய் அவ்வாறு வேரூன்றவில்லை. இரு பகுதியினரும் உண்டது நெல்லே. வேறுபட்டது நெல்லைப் பக்குவப்படுத்திய முறை.

காரணம் தயமினின் இருப்பிடமும் இயல்பும் ஆகும். தயமின் நெல்மணியின் தவிட்டுப் படலத்திலும் முளையிலும் மிகுந்துள்ளது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் அப்பகுதிகள் உதிர்ந்து தவிடாகிவிடுகின்றன. எஞ்சியதில் ஒரு பகுதியும் அரிசி கழுவும் நீரோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் தயமின் வெளிப்படலங்களிலிருந்து மணியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. மாவுப்பொருள் பசைத்தன்மை எய்திப் பின் உலர்ந்து இறுகுகிறது. அதன்பின் தீட்டினாலும் கழுவினாலும் இழப்பு குறைவே. சேர்மம் அதுவே, அளவும் ஏறத்தாழ அதுவே. அது தங்குமிடம் மாறியதால் உண்பவருக்குக் கிடைத்தது. தயமினை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய இராபர்ட் வில்லியம்ஸ், பச்சரிசி வழங்கிய அதே பெருநிலப்பகுதியைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மொழியியல் நோக்கில், இச்செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூலவடிவத்திற்கு 'நன்றாக வேகவைத்தல்' என்பதே பொருளாயிருந்தது. அதன் முதற்சீர் 'பகுதி' எனப் பொருள்படும் மற்றொரு சொல்லை ஒத்திருந்ததால், நாளடைவில் 'அரைகுறையாக வேகவைத்தல்' என்று பொருள் திரிந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அரைவேக்காட்டு அரிசி' என்றாகும். அது பொருந்தாதது. தமிழில் 'புழுங்கு' என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே குறிக்கும் வினை. வானிலை புழுங்குவதும் நெல் புழுங்குவதும் ஒரே வேர்ப்பொருளின. 'புழுக்கு' என்னும் பெயர் வெந்த உணவைக் குறிக்கப் பொருநராற்றுப்படையிலேயே ஆளப்பட்டுள்ளது. ஆவியும் வெப்பமும் சேர்ந்து ஒரு பொருளின் உள்ளியல்பை மாற்றுவதை இச்சொல் சொல்கிறது. துறை அறிவைத் தன்னகத்தே கொண்ட வழக்குச்சொல் இருக்கும்போது புதுச்சொல் ஆக்குவது இழப்பேயாகும்.

4. நிலைப்பு: சேர்மங்கள் சிதையும் வழிகள்

'நிலைத்தன்மை' என்பது தமிழில் பொருளாதாரம், அரசியல் ஆகியவற்றிலும் வழங்குவது. வேதியியலில் ஒரு சேர்மம் தன் அமைப்புக் குலையாமல் இருக்கும் பண்பை 'நிலைப்பு' என்று தனியே சுட்டுவது தெளிவு தரும். உணவுப்பொருள் கெடாமலிருக்கும் காலம் வேறு, அதிலுள்ள சேர்மத்தின் நிலைப்பு வேறு. உறையில் குறித்த நாள்வரை ஒரு பழச்சாறு குடிக்கத்தக்கதாயிருக்கும். அதற்குள்ளாகவே அதன் அஸ்கார்பிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைந்திருக்கலாம். இரண்டையும் 'கெடாமல் இருக்கும்' என்று ஒரே தொடரால் பெயர்ப்பது பிழை.

சிதைவுக்கு ஐந்து காரணிகள் முதன்மையானவை: வெப்பம், ஒளி, ஆக்சிஜன், அமில காரத் தன்மை, நொதிகள். இவற்றோடு நீரில் கரைந்து வெளியேறுதலும் சேரும். அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனால் மாற்றமுற்று, முதலில் மீளக்கூடிய ஒரு வடிவத்தையும் பின்னர் மீளாத வடிவத்தையும் அடைகிறது. செம்பு அதனை விரைவுபடுத்துகிறது. தயமின் அமிலத்தில் ஓரளவு நிலைத்து நிற்கும், காரத்தில் அழியும். பருப்பு விரைவில் வேக வேண்டும் என்று ஆப்பசோடா இடும்போது தயமின் இழப்பு மிகுவது இதனால்தான். கரோட்டின் வகைகள் ஒளியாலும் ஆக்சிஜனாலும் நிறம் இழக்கின்றன.

அமில காரத் தன்மையின் விளைவைக் கண்ணாலேயே காண ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் அது சிவக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையால் குர்க்குமின் மூலக்கூறு மின்னேற்ற நிலை மாறுவதே அந்நிறமாற்றம். அந்நிலையில் குர்க்குமின் விரைந்து சிதையவும் செய்யும். குடலின் நிலையை ஒத்த, ஏறத்தாழ நடுநிலையான கரைசலில், 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அதன் 90 விழுக்காடு அரைமணி நேரத்திற்குள் சிதைந்துவிடுவதை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட முடிவுகள் சமையலறைக்கு நெருக்கமானவை. மஞ்சளை வேகவைக்கும்போது குர்க்குமின் இழப்பு 27 முதல் 53 விழுக்காடு. அழுத்தக் கலத்தில் 10 நிமிடம் வேகவைத்தபோது அது மிகுதியாக இருந்தது. துவரம்பருப்புடன் வேகவைத்தாலும் இழப்பு ஏறத்தாழ அதே அளவு. புளி சேர்த்தபோது அது 12 முதல் 30 விழுக்காடாகக் குறைந்தது. சாம்பாரில் புளி சேர்ப்பது சுவை கருதியே. எனினும் அதன் அமிலத்தன்மை மஞ்சளின் சேர்மத்துக்குக் காவலாகவும் அமைகிறது.

சில சேர்மங்கள் உணவில் முன்பே இருப்பன அல்ல, செயலால் உண்டாவன. 'பூண்டில் அல்லிசின் உள்ளது' என்னும் தொடர் தமிழ்க் கட்டுரைகளில் இயல்பாக வருகிறது. உரிக்காத முழுப் பூண்டில் அல்லிசின் இல்லை. இருப்பது அல்லின் என்னும் முன்னோடிப் பொருள். பூண்டை நசுக்கும்போது உயிரணுக்கள் உடைந்து, அல்லினேஸ் என்னும் நொதி அல்லினைச் சந்தித்து அல்லிசினை ஆக்குகிறது. முழுப் பூண்டை முதலிலேயே வேகவைத்தால் நொதி செயலிழந்து, அல்லிசின் தோன்றும் வாய்ப்புக் குறைகிறது. தோன்றிய அல்லிசினும் நெடிது நில்லாமல் வேறு கந்தகச் சேர்மங்களாக மாறும். எனவே இங்கு 'உள்ளது' என்பதன் இடத்தில் 'நசுக்கும்போது உண்டாகிறது' என்பதே மெய்யான பெயர்ப்பு. எள்ளிலும் இவ்வாறே. வெப்பத்தால் செசமோலின் சிதையும்போது செசமால் தோன்றுகிறது. அது எண்ணெய் காறாமல் காக்கும் ஆற்றலுடையது. ஆகவே சிதைவு எப்போதும் இழப்பாகாது. 'அழிகிறது' என்று பெயர்க்க வேண்டிய இடமும் 'மாறுகிறது' என்று பெயர்க்க வேண்டிய இடமும் வேறு வேறு.

5. கிடைப்பு: உண்டதும் உடலுக்குச் சேர்ந்ததும்

சிதையாமல் வாய்வரை வந்த சேர்மம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. இங்கு இரு கருத்துகள் பிரிகின்றன. உணவின் இழைகளிலிருந்து செரிமானத்தின்போது சேர்மம் விடுபடும் அளவு ஒன்று. குடற்சுவரைக் கடந்து, கல்லீரலைத் தாண்டி, இரத்தத்தில் மாறாமல் சேரும் அளவு மற்றொன்று. தமிழில் இரண்டையும் 'உயிர்க்கிடைப்பு' என்று ஒருங்கே சொல்லுதல் தகாது. முன்னதை 'விடுபடும் அளவு' என்றும் பின்னதை 'உடற்சேரும் அளவு' என்றும் எளிய சொற்களாலேயே வேறுபடுத்தலாம். சோதனைக்குழாயில் செரிமானத்தைப் போலச் செய்து அளந்த ஆய்வுகள் முன்னதை மட்டுமே கூறவல்லன.

சமையல் என்பது இழப்பு மட்டுமன்று என்பதைக் கரோட்டின் காட்டுகிறது. முருங்கைக்கீரையை வேகவைத்தால் கரோட்டினில் ஒரு பகுதி குறையும். ஆயின் இலையின் உயிரணுச் சுவர்கள் நெகிழ்வதாலும் உடன்சேரும் எண்ணெயாலும் எஞ்சிய கரோட்டின் உடலில் சேர்வது எளிதாகும். 'பச்சையாக உண்பதே மேல்' என்னும் பொதுவிதி எல்லாச் சேர்மத்திற்கும் பொருந்தாது.

அட்டவணை எண்களும் மாறாதன அல்ல. கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் விகிதத்தை 1967இல் உலக அமைப்புகள் ஆறுக்கு ஒன்று எனக் கொண்டன. 2001இல் அமெரிக்க மருத்துவக் கழகம் அதனைப் பன்னிரண்டுக்கு ஒன்று எனத் திருத்தியது. நூறு கிராம் கீரையில் 6,000 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருப்பதாகக் கொண்டால், முதற்கணக்கில் அது 1,000 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ, இரண்டாம் கணக்கில் 500. கீரை மாறவில்லை, கணக்கு மாறியது. பழைய நூலின் எண்ணை விகிதக் குறிப்பின்றித் தமிழில் தந்தால், படிப்பவர் தம் குழந்தைக்குப் போதும் என்று கருதும் அளவு உண்மையில் அதில் பாதியாகவே இருக்கக்கூடும். ஐதராபாத் நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் உள்ளடக்க அட்டவணை 528 உணவுப் பொருள்களை ஆராய்ந்தது. அது கரோட்டின் வகைகளைத் தனித்தனியே தந்து, பாலிஃபீனால்களையும் சேர்த்துக் கூறுகிறது. மாற்றுவிகிதம் கலவாத அளவை மொழிபெயர்ப்பாளர் அங்கிருந்தே எடுக்கலாம்.

விழுக்காட்டைப் பெயர்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குர்க்குமினோடு மிளகின் பைபரினைச் சேர்த்து மனிதருக்குத் தந்தபோது உடற்சேரும் அளவு 2,000 விழுக்காடு உயர்ந்தது. இவ்வெண் தமிழ் விளம்பரங்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால், 2 கிராம் குர்க்குமினைத் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது கண்டறிய இயலாத அளவாகவோ மிக நுண்ணிய அளவாகவோ இருந்தது. மிகச் சிறியதன் இருபது மடங்கும் சிறியதாக இருக்கலாம். மேலும் மஞ்சள்தூளில் குர்க்குமின் வகைகள் ஏறத்தாழ 3 விழுக்காடே. 2 கிராம் பெற ஒருவர் 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் உண்ண வேண்டும். எதிலிருந்து எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கூறாத உயர்வு மொழிபெயர்ப்பில் முழுமையான செய்தி ஆகாது.

6. செயல்: நன்மைக் கூற்றுகள்

சேர்மம் உடலில் சேர்ந்த பின்னரும் அது விளைக்கும் பயன் தனியே நிறுவப்பட வேண்டியது. ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்னும் சொல் இதில் மிகுந்த குழப்பத்திற்கு இடமாயிற்று. சோதனைக்குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் மனித உடலிலும் அவ்வாறே செய்யும் என்பதற்கு உறுதியில்லை. அமெரிக்க வேளாண்துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலை எண்ணாகத் தந்திருந்த தன் தரவுத்தொகுப்பை 2012இல் விலக்கிக்கொண்டது. அவ்வெண்கள் மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவன அல்ல என்பதும், வணிகர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தியதும் அதற்குக் காரணங்கள்.

கரோட்டின் மிகுந்த காய்கனிகளை உண்போரிடம் நுரையீரல் புற்று குறைவு என்பதைப் பல ஆய்வுகள் கண்டிருந்தன. எனவே கரோட்டினைத் தனியே பிரித்துத் தந்தால் நன்மை விளையும் என்று எதிர்பார்த்தனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆடவரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார்த் தொழிலாளரிடமும் நடந்த மற்றொரு சோதனை, பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் பெற்ற பிரிவில் 28 விழுக்காடு கூடுதலைக் கண்டு, 1996இல் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. கேரட்டில் உள்ள சேர்மமும் மாத்திரையில் உள்ள சேர்மமும் வேதியியலில் ஒன்றே. உண்பவருக்கு அவை ஒன்றல்ல. 'தொடர்புடையது' என்று மூலம் கூறியதைக் 'காரணமாகிறது' என்று பெயர்ப்பதன் விலை என்ன என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன.

நன்மைக் கூற்று எவ்வளவு குறுகியதாக அமையலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் ஏற்ற ஒரு கூற்று சான்று. ஆலிவ் எண்ணெயின் பாலிஃபீனால்கள், இரத்தக் கொழுப்புகளை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காப்பதில் பங்களிக்கின்றன என்பதே அது. 20 கிராம் எண்ணெயில் குறைந்தது 5 மில்லிகிராம் ஹைட்ராக்சிடைரசாலும் அதன் வழிப்பொருள்களும் இருந்தால்தான் இதனைக் கூறலாம். இதயம் என்னும் சொல்லோ நோய் என்னும் சொல்லோ அதில் இல்லை. இந்தியாவிலும் உணவு விளம்பரங்கள், கூற்றுகள் குறித்து 2018இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. மூலமொழியில் விதிக்கு உட்பட்டிருந்த கூற்று, மொழிபெயர்ப்பில் விதியை மீறிவிடலாகாது.

7. வினைமுற்றின் பொறுப்பு

இம்மீறல் பெரும்பாலும் கலைச்சொல்லால் நிகழ்வதன்று, வினைமுற்றால் நிகழ்வது. தமிழில் 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று எதிர்காலத்தையும், வழக்கத்தையும், என்றும் மாறாத உண்மையையும் உணர்த்தும். 'நெருப்பு சுடும்', 'நீர் குளிரும்' என்பன இவ்வடிவின. 'மஞ்சள் வீக்கத்தைக் குறைக்கும்' என்று எழுதினால், நெருப்பின் சூடுபோல் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாக அது நிற்கும். மூலத்தில் இருந்ததோ 'குறைக்கக்கூடும்' என்பதாக இருக்கலாம். அல்லது 'எலிகளில் குறைத்தது' என்பதாக இருக்கலாம். முன்னதில் ஐயம் உண்டு. பின்னதில் காலமும் இடமும் எல்லையும் உண்டு. 'குறைக்கும்' என்பதில் இவை ஒன்றும் இல்லை.

இதுபோலவே 'இதயநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது' என்பது 'இதயநோயைக் குறைக்கிறது' என்று சுருங்குவதும், 'தடுக்க உதவுகிறது' என்பது 'தடுக்கிறது' என்று முடிவதும் காணப்படுகின்றன. ஒரு சொல் குறைவதால் தொடர் அழகுபெறுகிறது. ஆனால் நோயுற்றோர் மருந்தை நிறுத்திவிட்டு உணவை நம்புவதற்கு அச்சுருக்கம் வழிகோலலாம். தமிழில் ஐயத்தைச் சொல்ல 'கூடும்', 'லாம்' என்னும் துணைவினைகளும், எல்லையைச் சொல்ல இறந்தகால முற்றும், நிபந்தனையைச் சொல்ல 'ஆல்' எச்சமும் குறைவின்றி உள்ளன. இல்லாதது வாய்ப்பன்று, அவற்றைக் கையாளும் வழக்கமே.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுக்கலாம். குறைநோயோடு தொடர்பில்லாச் சேர்மங்களைச் 'சத்து' என்னும் ஈற்றால் பெயரிடாமை நன்று. குர்க்குமின், ஆந்தோசயனின் போன்றவற்றை ஒலிபெயர்த்தே வழங்கலாம். அவை பயனைப் பற்றி எதுவும் பேசாமல் பொருளை மட்டும் சுட்டும். புழுங்கல் போல் செய்முறை அறிவு செறிந்த வழக்குச்சொல் உள்ள இடத்தில் அதனையே ஆளவேண்டும். அளவுகளைத் தரும்போது அவை பச்சைப் பொருளுக்கு உரியனவா, சமைத்ததற்கு உரியனவா, எந்த மாற்றுவிகிதத்தால் கணக்கிடப்பட்டன என்பன உடன்வர வேண்டும். இருப்பதற்கு 'உள்ளது', தோன்றுவதற்கு 'உண்டாகிறது', உடலை அடைவதற்குச் 'சேர்கிறது', பயனுக்கு ஆய்வின் எல்லை குறித்த வினை என்று ஒவ்வொரு நிலைக்கும் தனிவினை நிற்க வேண்டும்.

மலேரியா என்னும் சொல்லில் உறைந்த பிழை தமிழில் எவரையும் வழிதவறச் செய்யவில்லை. அப்பிழை புரியாத மொழியில் இருந்தமையே அதற்குக் காரணம். உணவைப் பற்றித் தமிழில் எழுதும் தொடரோ எல்லார்க்கும் புரியும். தாய்மாரும் முதியோரும் நோயுற்றோரும் அதனைப் படித்து, அன்றைய அடுப்பிலேயே செயற்படுத்துவர். ஆதலின் அத்தொடர் கூறும் ஒவ்வொரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்புடையவர் ஆகிறார்.